மறுபடி நிறுவியும் திறக்காத பயர்பாக்ஸ்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதில் முதலில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே ‘பாஸ்’ லினக்ஸும் குடியிருந்தது. சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாக வைத்து 2007இல் வெளியிட்ட இயங்குதளம் அது. அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமலே படிப்பை முடித்தவர்கள் ஏராளம். இப்போது காலம் மாறியிருக்கிறது. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போட மனம் வராதவர்கள் உபுண்டுவையோ மின்ட்டையோ ஏற்றிப் பார்க்கிறார்கள். உதாரணத்துக்குக் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூர்: அங்கே 1993 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அண்ணன் படித்த அரசு லேப்டாப்பைத் தம்பி தூசு தட்டி எடுப்பதற்கு ஏற்ற ஊர்.

எடுத்த ஒரு மாதத்துக்குள் வரும் முதல் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: “பிரவுசர் திறக்கவில்லை.” உடனே செய்வதும் ஒன்றுதான்: பயர்பாக்ஸை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. விண்டோஸில் பழகிய கை அது. லினக்ஸில் இது காய்ச்சலுக்குச் சட்டை மாற்றுவது போன்ற வைத்தியம். காரணம் எளிது. பயர்பாக்ஸ் என்ற நிரல் ஓரிடத்தில் இருக்கிறது. உங்கள் புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள், நீட்சிகள், அமைப்புகள் எல்லாம் சேர்ந்த ‘புரொஃபைல்’ உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள், மறைந்த ஓர் இடத்தில் இருக்கிறது. நிரலை நீக்கும்போது புரொஃபைலை லினக்ஸ் தொடுவதில்லை. நிரல் கெடுவது அபூர்வம்; கெட்டது புரொஃபைலாக இருந்தால், புதிதாக நிறுவிய பயர்பாக்ஸ் அதே கெட்ட புரொஃபைலைத் தேடிப்போய்த் திறக்கும்.

ஆகவே நீக்குவதற்கு முன்னால் டெர்மினலைத் திறக்க வேண்டும். பயர்பாக்ஸ் என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டி எண்டர் கொடுத்தால், ஐகானைச் சொடுக்கும்போது சத்தமில்லாமல் செத்துப்போகிற அதே நிரல், இங்கே சாவதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதிவைத்துவிட்டுப் போகும். எச்சரிக்கை வரிகள் நிறைய ஓடும். அவற்றில் முக்கால்வாசி எந்நேரமும் வருபவை, பயப்பட ஒன்றுமில்லை. கடைசி இரண்டு மூன்று வரிகளைப் படித்தால் போதும். ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட்’ என்றிருந்தால் வட்டு நிரம்பிவிட்டது. சினிமா கோப்புகளை அழித்தாலே உலாவி எழுந்துகொள்ளும். ‘பெர்மிஷன் டினைடு’ என்றிருந்தால் விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது.

எது சொன்ன பேச்சைக் கேட்கவில்லையோ அதற்கு முன்னால் ‘சுடோ’ சேர்ப்பது புதியவர்களின் கைவழக்கம். சுடோ என்பது நிர்வாகியின் அதிகாரத்தோடு ஒரு கட்டளையை ஓட்டுவது. அப்படி உலாவியைத் திறந்தால், புரொஃபைலில் அது எழுதும் கோப்புகள் நிர்வாகியின் பெயருக்குப் பட்டாவாகிவிடலாம். அடுத்த முறை நீங்கள் சாதாரணப் பயனராக வந்தால் உங்கள் கோப்பையே உங்களால் எழுத முடியாது. இந்தக் கூத்தைப் பார்த்துச் சலித்துத்தான் போலும், சாதாரணப் பயனரின் திரையில் நிர்வாகியாக ஓட மாட்டேன் என்று பயர்பாக்ஸே இப்போது மறுத்துவிடுகிறது. ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் ‘சிஎச்ஓன்’ கட்டளையால் அந்த ஃபோல்டரின் உரிமையைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

புரொஃபைல்தான் குற்றவாளியா என்று உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. பயர்பாக்ஸ் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் பெரிய எழுத்து ‘பி’யும் சேர்த்தால் புரொஃபைல் மேலாளர் திறக்கும். புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். அதில் உலாவி நன்றாக ஓடினால் பழையதுதான் நோயாளி. அவசரப்பட்டுப் பழையதை அழிக்க வேண்டாம். உலாவியை மூடிவிட்டு, அதிலிருக்கும் ‘பிளேசஸ்’ என்ற கோப்பைப் புதியதற்குள் நகலெடுத்தால் புத்தகக்குறிகளும் பார்வை வரலாறும் வந்துவிடும். கடவுச்சொற்களுக்கு ‘லாகின்ஸ்’, ‘கீ4’ என்ற இரு கோப்புகளும் சேர்ந்தே வரவேண்டும். ஒன்றில் பூட்டிய சொற்கள், மற்றதில் சாவி.

உலாவி திறக்கிறது, ஆனால் எந்தத் தளத்துக்குப் போனாலும் ‘பாதுகாப்பற்றது’ என்று மிரட்டுகிறதா? திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த லேப்டாப்பில், கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும் சிறு பேட்டரி செத்திருக்கும். தளங்கள் தங்களை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ்களின் வழக்கமான ஆயுள் 90 நாள். கணினி தன்னை 2012இல் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை. இணையம் கிடைத்தவுடன் லினக்ஸ் பெரும்பாலும் தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். வளாக வைஃபை அந்த வழியை அடைத்திருந்தால் கையால் மாற்ற வேண்டியதுதான். விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக இருக்கும் கணினியில் நேரம் சரியாக ஐந்தரை மணி தள்ளிப்போவது வேறு கதை: வன்பொருள் கடிகாரத்தை ஒன்று இந்திய நேரமாகவும் மற்றது கிரீன்விச் நேரமாகவும் படிப்பதால் வரும் குடும்பச் சண்டை அது.

தேதி சரியாக இருந்தும் மிரட்டல் தொடர்ந்தால், பெரும்பாலும் உலாவிக்கு வயதாகிவிட்டது என்று பொருள். லெட்ஸ் என்க்ரிப்ட் தொடக்கத்தில் சாய்ந்திருந்த மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அதன் சொந்த மூலச் சான்றிதழ் பயர்பாக்ஸுக்குள் வந்ததோ 2016இல், 50ஆம் பதிப்பில். 2012ஆம் ஆண்டு லேப்டாப்பில் அன்று வந்த உலாவியே இருந்தால், பல தளங்களை அதற்கு அடையாளமே தெரியாது. 2025 மார்ச் 14 அன்று மொசில்லாவின் மூலச் சான்றிதழ் ஒன்றும் காலாவதியாகி, 128க்கு முந்தைய பதிப்புகளில் பெரும்பாலானவற்றின் நீட்சிகள் சிக்கலுக்குள்ளாயின. இங்கே அதே பழைய நிரலை மறுபடி நிறுவுவதில் பயனில்லை. இயங்குதளத்தையே புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் முன் ‘எல்எஸ்சிபியு’ கட்டளையை ஓட்டி, பிராசஸர் 64 பிட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 32 பிட் என்றால் உலாவித் தேர்வு குறையும்: 32 பிட் லினக்ஸுக்கான குரோம் 2016லேயே நின்றுவிட்டது.

உலாவியே நிஜமாகத் தப்பு செய்த நாட்களும் உண்டு. 2022 ஜனவரி 13 அன்று உலகம் முழுவதும் பயர்பாக்ஸ் எந்தத் தளத்தையும் திறக்காமல் திணறியது. ஒரு கிளவுட் சேவை தன் அமைப்பில் செய்த மாற்றம், பயர்பாக்ஸுக்குள் உறங்கிக்கிடந்த பிழையைத் தட்டி எழுப்பியது. தலைப்பு வரி ஒன்றில் பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்ற குழப்பத்தில் நிரல் முடிவில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. அன்றைக்கு நீக்கி நிறுவியவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? அதே பிழையுள்ள பிரதிதான். சேவையின் பக்கம் மாற்றம் திரும்பப் பெறப்பட்டதும் சரியாகிவிட்டது.

உபுண்டுவில் இன்னொரு தனி வம்பு. 21.10 பதிப்பிலிருந்து பயர்பாக்ஸ் அங்கே ‘ஸ்னாப்’ பொதியாக வருகிறது. சுழலும் வட்டு கொண்ட பழைய லேப்டாப்பில் முதல்முறை திறக்க இது எடுத்துக்கொள்ளும் நேரத்தில், வரவில்லை என்று நினைத்து ஐகானைப் பத்துமுறை சொடுக்கிவிடுவோம். புரொஃபைலும் வேறு ஃபோல்டரில் இருக்கும். ஸ்னாப்பை நீக்கிச் சாதாரணப் பொதியை நிறுவினால் புத்தகக்குறிகள் மாயமானதுபோலத் தோன்றும். இரண்டு வீட்டிலும் தேடிப் பார்த்துவிட்டு அழலாம்.

எதுவும் பிடிபடவில்லை என்றால், காஞ்சிபுரம் கேட்க ஆளில்லாத ஊரல்ல. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கட்டற்ற மென்பொருள்பற்றித் தமிழிலேயே எழுத 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இருக்கிறது. கேட்கும்போது ‘ஓடவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எந்த உலாவி, கடைசியாக எதை நிறுவினீர்கள் என்று எழுதுங்கள். டெர்மினலின் கடைசி வரிகளைச் செல்போனில் படமெடுத்து அனுப்பாமல், எழுத்தாகவே நகலெடுத்து ஒட்டுங்கள். படத்தை யாரும் தேடுபொறியில் தட்ட முடியாது.