மார்கன் டாலரின் நிறம் எங்கிருந்து வந்தது?

1881ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அச்சான மார்கன் வெள்ளி டாலர்கள் இரண்டை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று பளிச்சென்ற வெள்ளை. மற்றொன்றில் சுதந்திர தேவியின் கன்னத்தில் பொன்மஞ்சள், கூந்தலில் செவ்வூதா, விளிம்பில் மயில்நீலம். ஆண்டும் எடையும் ஒன்றுதான். ஆனாலும் வண்ணக் காசு நன்றாக அமைந்துவிட்டால் சேகரிப்பாளர்கள் பல மடங்கு விலை கொடுக்கிறார்கள். அதனாலேயே வெள்ளைக் காசை ஒரே இரவில் வண்ணக் காசாக்கி விற்பவர்களும் உண்டு. நிறம் தானாக ஏறியதா, யாராவது ஏற்றியதா என்று கண்டுபிடிப்பது நாணயச் சேகரிப்பில் கடினமான வேலை. எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான்.

காசின் மேல் சாயம் எதுவும் கிடையாது. காற்றிலும் துணியிலும் அட்டையிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற படலமாகப் படிகிறது. தடித்தால் அது கறுப்பு. மிக மெல்லியதாக இருக்கும்வரை, படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டுச் சில நிறங்களை மட்டும் நம் கண்ணுக்கு விட்டுவைக்கின்றன. ஈரத் தார்ச்சாலையில் சிந்திய பெட்ரோல் மின்னுவதும் இப்படித்தான். எந்த நிறம் தெரியும் என்பது தடிமனைப் பொறுத்தது. ஆகவே நிறங்களுக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் வெளிர்மஞ்சள், பிறகு பொன், செவ்வூதா, நீலம், வெளிர்நீலம், இன்னும் தடித்தால் மறுபடி மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை. படலம் மெல்ல மெல்லத் தடித்த காசில் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே செவ்வூதா ஒரு கோடாகவாவது இருக்கும். அந்த இடைநிறம் இல்லாமல் மஞ்சளை ஒட்டியே திடீரென்று நீலம் நின்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

அடுத்த கேள்வி, காசு எங்கே கிடந்தது என்பது. ஜார்ஜ் மார்கன் வடிவமைத்த இந்த டாலர் 1878 முதல் 1904 வரையும், மீண்டும் 1921லும் அச்சானது, 26.73 கிராம் எடை, 90 சதவீதம் வெள்ளி. கோடிக்கணக்கான காசுகள் ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் கட்டப்பட்டு, அரசுக் கருவூல அறைகளில் பல ஆண்டுகள் கிடந்தன. பைத்துணியைத் தொட்ட முகத்தில் மட்டும் வண்ணம் ஏறியது. மறுமுகம் பெரும்பாலும் வெள்ளையாகவே தங்கியது. மேலே இன்னொரு காசு சாய்ந்து கிடந்திருந்தால் அந்த இடம் பிறை வடிவில் வெளுத்திருக்கும். சில காசுகளில் துணியின் நெசவுகூடப் பதிந்திருக்கும். பழைய அட்டை ஆல்பத்தில் இருந்த காசு என்றால், நிறம் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வளையமாக நகரும். எழுத்துகளையும் நட்சத்திரங்களையும் ஒட்டி நிறமேறாத ஒரு மெல்லிய ஓரம் பெரும்பாலும் தெரியும். கந்தகக் கரைசலில் முக்கி எடுத்த காசிலும் அடுப்பில் சுட்ட காசிலும் இந்தத் தடயங்களைக் காண்பது அரிது. மேடு பள்ளம் பாராமல் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் நீலமும் ஊதாவும் அப்பிக் கிடக்கும்.

பிறகு, ஒற்றை விளக்கின் கீழ் காசை மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். புழங்காத காசில் ஒளிக்கீற்று வட்டமாகச் சுழலும். இயல்பாக ஏறிய நிறத்தை ஊடுருவிக்கொண்டு அது அடியிலிருந்து எழும். போலியில் நிறம் மேலே தனியாக மிதப்பதுபோல் தோன்றும். பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸில் கீறல்களைப் பார்ப்பது இன்னும் பயன் தரும். கீறலின் அடி வெள்ளையாக மின்னினால், நிறம் ஏறிய பிறகுதான் அந்தக் கீறல் விழுந்தது. கீறலுக்குள்ளும் அதே நிறம் என்றால் கீறல் முந்தியது. காசு முழுக்க ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் நிறத்துக்கு அடியில் தெரிந்தால், யாரோ தேய்த்துக் கழுவிய காசு அது. கழுவியதை மறைக்கவே வண்ணம் ஏற்றியிருக்கலாம். தேய்ந்து மழுங்கிய காசில் பளீரென்ற வானவில் நிறம் இருந்தாலும் நான் நம்புவதில்லை. கைமாறிப் புழங்கிய வெள்ளி பொதுவாக மங்கிய சாம்பல் நிறத்துக்குத்தான் போகும்.

இத்தனைக்குப் பிறகும் சில காசுகளில் முடிவு சொல்ல முடியாது. வேண்டுமென்றே ஒரு காசைப் பழைய ஆல்பத்தில் சொருகிப் பல ஆண்டுகள் விட்டுவைத்தால், அதில் நடக்கும் வேதியியலும் அதேதான். அமெரிக்க நாணயத் தரநிர்ணய நிறுவனங்கள் சில, இத்தகைய காசைப் போலி என்று சொல்லாமல் ‘நிறம் ஐயத்துக்குரியது’ என்று குறிப்பது நேர்மையான முறை என்றே நினைக்கிறேன்.

மார்கன் டாலருக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1918இல் அமெரிக்கா இயற்றிய பிட்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கும் அதிகமான வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அந்த வெள்ளியின் பெரும்பகுதி பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. இந்தியாவின் ரூபாய்த் தட்டுப்பாட்டைத் தீர்க்கவே பிரிட்டன் அதை வாங்கியது. நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்கும் மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் பொருந்தும். புளியும் சாம்பலும் போட்டு மட்டும் அதைத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் கறுப்போடு வெள்ளியின் மேற்பரப்பும் போகும். கறுப்பு திரும்ப வரும், போன மேற்பரப்பு வராது.