லினக்ஸ் கணினியிற் பொதிகள்: தேடலும் நிறுவலும்

விண்டோஸ் முறையிற் பயின்றோர் தமக்கு வேண்டிய மென்பொருளை அதனை ஆக்கியோரின் தளத்திலே தேடிப் பெற்று நிறுவும் வழக்கமுடையர். லினக்ஸ் வழங்கல்களில் மரபு வேறாகும். ஆக்கியோருக்கும் பயன்படுத்துவோருக்கும் இடையே பொதி பேணுநர் என மூன்றாமவர் ஒருவர் அங்கு நிற்கின்றார். மூலநிரலைப் பெற்று, தம் வழங்கலுக்கு இசைய ஆக்கி, பொதியாகக் கட்டிக் களஞ்சியத்திற் சேர்ப்பது அவர் பணி. இம்மூன்றாமவர் வேண்டப்படுபவரா, அன்றி இடையூறானவரா என்பதே அண்மைக்கால விவாதங்களின் அடிப்படை எனலாம்.

பொதி என்பது கோப்புகளின் கட்டு மட்டுமன்று. பெயர், பதிப்பெண், விளக்கம் ஆகியவற்றோடு, அது இயங்குதற்கு வேண்டிய பிற பொதிகளின் பட்டியலும் அதனுள் அடங்கும். பல மென்பொருள்கள் ஒரே நிரல்நூலகத்தைப் பகிர்ந்துகொள்வதால் இப்பட்டியல் இன்றியமையாததாகின்றது. நூலகத்தில் ஒரு குறை திருத்தப்படின் அதனைச் சார்ந்தன யாவும் ஒருசேரப் பயன்பெறும். 1993இல் இயன் மேர்டொக் தொடக்கிய டெபியனும், 1995இல் ஆர்.பி.எம். முறையை வெளியிட்ட றெட் ஹற்றும் இவ்வழியை வகுத்தன. எனினும் அக்காலக் கருவிகள் இன்ன பொதி இல்லையென மறுத்தனவேயன்றி அதனைக் கொணர்ந்து தரவில்லை. ஒன்றைத் தேடிச் சென்றால் அது வேறிரண்டைக் கேட்கும். டெபியனில் இத்தொல்லையைப் பெரிதும் நீக்கியது, 1999இல் அதன் 2.1ஆம் பதிப்போடு வந்த ஏ.பி.ரி. என்னும் கருவியாகும். சார்புகளைத் தானே கணித்து அனைத்தையும் களஞ்சியத்திலிருந்து அது பெற்றுத் தரும்.

தேடுதலும் எளிதே. பெயர் தெரியாவிடினும், பயனைக் குறிக்கும் சொல்லை இட்டால் விளக்கவுரைகளிலும் அச்சொல் தேடப்படும். அவ்வுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. ஆதலால் தமிழ் எழுத்துருக்களை நாடுவோரும் 'தமிழ்' என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் இட்டே தேட வேண்டியுள்ளது.

களஞ்சியப் பட்டியல் இலக்கமுறைக் கையொப்பம் பெற்றது. இடைவழியில் மாற்றப்பட்ட பொதியை ஏ.பி.ரி. ஏற்காது. ஆயினும் கையொப்பம் பொதி எங்கிருந்து வந்தது என்பதற்கே சான்று. உள்ளே இருப்பது நல்லது என்பதற்கு அன்று. 2024 மார்ச்சில் எக்ஸ்.இஸற். என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளிற் கள்ளவாயில் ஒன்று கண்டறியப்பட்டது. அதனைப் புகுத்தியவர், ஈராண்டுக்கு மேலாகப் பணியாற்றி நம்பிக்கை பெற்றிருந்த இணைப் பேணுநர் ஒருவர். தொலைப்புகுகையில் ஏறத்தாழ அரைச் செக்கன் தாமதத்தைக் கவனித்த அன்ட்றெஸ் பிறொயின்ட் என்னும் பொறியியலாளரே இதனை வெளிப்படுத்தினார். டெபியனின் சோதனைக் கிளைகளுள் அப்பதிப்பு நுழைந்திருந்தது. நிலைத்த பதிப்பை அது எட்டவில்லை. டெபியன் பழமையானது எனப் பலர் குறைகூறும் அத்தாமதமே இங்குக் காவலாயிற்று என்பதை நாம் அழுத்திக் கூறுகின்றோம்.

ஆனாற் புதிய பதிப்பு வேண்டுவோரின் குறையும் மெய்யானதே. அதனைத் தீர்க்க எழுந்தவையே பிளற்பாக், ஸ்னாப், அப்இமேஜ் என்பன. தனக்கு வேண்டிய நூலகங்களை மென்பொருள் தன்னோடு கொண்டுவருதல் இவற்றின் பொதுவியல்பு. அப்இமேஜ் ஒரே கோப்பு. இயக்க அனுமதி அளித்து அழுத்தினால் ஓடும், அழித்தால் நீங்கும். அதனைப் புதுப்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் நம்முடையதே. ஸ்னாப்பின் அங்காடி கனோனிக்கல் நிறுவனத்தின் கையிலேயே உள்ளது. ஏ.பி.ரி. வழியாகக் குரோமியம் உலாவியைக் கேட்டோருக்கு உபுண்டு ஸ்னாப்பையே நிறுவியமை கண்டு, 2020இல் லினக்ஸ் மின்ற் அம்முறையை இயல்நிலையில் தடைசெய்தது. அங்காடி என்பதாலேயே காவல் உண்டென எண்ணுதலும் தவறு: 2018இல் அங்கிருந்த விளையாட்டொன்றினுள் மறைநாணயம் அகழும் நிரல் ஒளிந்திருந்தது.

பிளற்பாக் மென்பொருளை வேலியிட்டு இயக்குவது. ஆயின் பல பொதிகள் இல்லக் கோப்புறை முழுவதற்கும் அனுமதி கேட்கின்றன. அப்போது வேலி பெயரளவினதே. நிறுவுமுன் அனுமதிப் பட்டியலை நோக்குதல் வேண்டும். முதற் பொதியோடு நூற்றுக்கணக்கான மெகாபைற்று அடித்தளமும் இறங்கும் என்பதை, அளவிட்டுப் பணம் செலுத்தி இணையம் பெறுவோர் மறத்தலாகாது.

எனவே வழங்கலின் களஞ்சியத்தை முதலில் நாடுவதும், அங்குள்ள பதிப்புப் போதாதவிடத்து மட்டும், ஆக்கியோரே வெளியிட்டமைக்கான சரிபார்ப்புக் குறி பெற்ற பிளற்பாக்கை எடுப்பதும் தக்கதெனக் கருதுகின்றோம். வரைகலை அங்காடிகள் இரண்டையும் ஒரே பெயரிற் காட்டுவதுண்டு. மூலம் எதுவெனப் பக்கத்திற் குறித்திருக்கும். நீக்கும்போதும் அவ்வம்முறையாலேயே நீக்குதல் வேண்டும், ஏ.பி.ரி. வழியாகப் பிளற்பாக் மென்பொருளை அகற்ற இயலாது.