எறிகுண்டுகளுக்கு நடுவே ஓர் ஆடுகளம்

போர்வீரன் நாள் முழுவதும் போரிடுவதில்லை. காவல் நிற்றல், குழி வெட்டுதல், மண்மூட்டை சுமத்தல், காத்திருத்தல் என்பனவே அவனுடைய நாளின் பெரும்பகுதி. இவற்றுக்கிடையே கிடைத்த ஓய்வை அவன் எவ்வாறு கழித்தான் என்பதைப் போர் வரலாறுகள் விரிவாகக் கூறுவது அரிது. முதல் உலகப்போரில் கலிபோலியில் நிகழ்ந்தவை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

டார்டனெல்ஸ் நீரிணையைக் கைப்பற்றும் நோக்கத்துடன் 1915 ஏப்ரல் 25 அன்று நேச நாட்டுப் படைகள் துருக்கியின் கலிபோலி தீபகற்பத்தில் தரையிறங்கின. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் அடங்கிய 'அன்சாக்' படை செங்குத்தான மலைச்சரிவுகளில் எட்டு மாதங்கள் முடங்கிக் கிடந்தது. பிரான்சில் போரிட்ட வீரர்கள் களமுனையிலிருந்து சில கல் தொலைவு பின்வாங்கிக் கால்பந்து ஆட முடிந்தது. இங்கோ பின்வாங்க இடமில்லை. முதுகுக்குப் பின்னால் கடல். ஓய்விடமும் பீரங்கியின் எல்லைக்குள்ளேயே இருந்தது.

அக்கடலே அவர்களுக்கு முதல் பொழுதுபோக்காயிற்று. குடிநீரே அளந்து வழங்கப்பட்ட இடத்தில் குளிப்பதற்கு நன்னீர் ஏது? பேன் தொல்லையும் புழுதியும் தாளாமல் வீரர்கள் அலைகளில் இறங்கினர். தளபதி பேர்ட்வுட்டும் அவர்களோடு நீராடினார். சீருடை களைந்தபின் அதிகாரி யார், சிப்பாய் யார் என்று எவரால் கூற இயலும்! துருக்கியரின் குண்டுகள் நீரில் விழுந்து சிலர் மாண்ட பின்னரும் நீராடல் நிற்கவில்லை. இரவில் இரண்டு நாணயங்களைச் சுண்டிப் பந்தயம் கட்டும் 'டூ-அப்' ஆட்டமும் நடந்தது. சூதாட்டமே எனினும், நாளை இருப்போமா என்று அறியாதவர்களிடம் சேமிப்பின் சிறப்பை எடுத்துரைப்பது எளிதன்று.

ஆண்டின் இறுதியில் படையை விலக்கிக்கொள்ள முடிவாயிற்று. பகைவர் அறிந்தால் கரையில் கூடி நிற்போர் அனைவரும் அழிவர். எனவே, எல்லாம் வழக்கம்போல் நடப்பதாகக் காட்டவேண்டியிருந்தது. டிசம்பர் 17 அன்று 'ஷெல் கிரீன்' என்னும் சிறு சமவெளியில் ஆஸ்திரேலியக் குதிரைப்படையினர் கிரிக்கெட் ஆடினர். அவ்விடத்தின் பெயருக்கே எறிகுண்டுப் புல்வெளி என்பதுதான் பொருள். ஆட்டம் நடந்த நேரமெல்லாம் குண்டுகள் தலைக்குமேல் பறந்தன. அக்காட்சியின் ஒளிப்படம் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இன்றும் உள்ளது.

அதுவரை உயிர்ப்பைத் தந்த விளையாட்டு, அன்று ஒரு போர் உத்தியாக மாறியது. ஆடியோர் அறிந்தே ஆடினர். ஆயினும், மட்டையைப் பிடித்த கைக்கு அந்நேரம் அது நடிப்பாக மட்டும் இருந்திருக்குமா என்பது ஐயமே.

இரவுதோறும் படகுகள் ஆட்களை ஏற்றிச் சென்றன. காலடியோசை கேளாதிருக்கக் காலணிகளில் துணி சுற்றிக்கொண்டனர். ஒரு தகரத்திலிருந்து மற்றொன்றுக்கு நீர் சொட்டி, எடை கூடியதும் விசையை இழுத்துத் தானே சுடும் துப்பாக்கிகள் பதுங்குகுழிகளில் பொருத்தப்பட்டன. புறப்படுமுன் பலர் தம் தோழர்களின் கல்லறைகளைச் செப்பனிட்டனர். அப்போரில் மாண்ட ஆஸ்திரேலியர் மட்டும் 8,000 பேருக்கும் மேல். டிசம்பர் 20 விடியுமுன் கடைசி வீரனும் படகேறினான். ஆளில்லாத துப்பாக்கிகள் அதன் பின்னரும் சிறிது நேரம் சுட்டுக்கொண்டிருந்தன.