கலர் போயிடுச்சுன்னா தண்ணி சுத்தமாகிடுச்சா?

புது டி-ஷர்ட்டை முதல் தடவை நனைச்சதும் பக்கெட் தண்ணி நீலமா மாறுமே, கவனிச்சிருக்கீங்களா? துணியில் ஒட்டாமல் மிஞ்சிய சாயம் அது. இதையே ஆயிரம் மடங்கு பெரிசா கற்பனை பண்ணிக்கோங்க, அதுதான் சாயப்பட்டறைக் கழிவு. அது கலந்துதான் நொய்யல் கெட்டது. ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பயிருக்கு எமனானது. 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் இதனால்தான்.

இந்தச் சாயத்தை வெயிலை வெச்சே உடைக்க ஒரு வழி இருக்கு. அதுக்கான பொருள் உங்க வீட்டுச் சுவரின் வெள்ளை பெயின்ட்டிலேயே இருக்கலாம்: டைட்டானியம் டை ஆக்ஸைடு. (இதன் மூலப்பொருளான இல்மனைட், நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே கிடைக்குது.) இதில் செய்த மின்முனை மேல் ஒளி பட்டால் தண்ணீர் பிரிகிறது என்று ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-ல் 'நேச்சர்' இதழில் எழுதினாங்க. ஒளிவினையூக்கி ஆராய்ச்சி சூடு பிடித்தது அதுக்கப்புறம்தான்.

இது வேலை செய்யும் விதம் சுவாரஸ்யமானது. புற ஊதா ஒளி பட்டதும் இந்தப் பொடியில் ஓர் எலெக்ட்ரான் துள்ளி எழும். அது இருந்த இடம் காலியாகும். அந்தக் காலியிடம் பக்கத்தில் இருக்கும் தண்ணீரிடமிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்கும். அப்போ பிறப்பதுதான் ஹைட்ராக்சில் ராடிக்கல். சரியான முரடன்! எதிரே வரும் சாய மூலக்கூறைத் துண்டு துண்டாக்கிடும். போதுமான நேரம் கொடுத்தால் கடைசியில் கார்பன் டை ஆக்ஸைடு, தண்ணீர், கொஞ்சம் உப்புகள்தான் மிஞ்சும். பொடி அப்படியே இருக்கும்.

அப்புறம் ஏன் எல்லாப் பட்டறையிலும் இது இல்லை? வெயிலில் புற ஊதா ஒளி சுமார் 5 சதவிகிதம்தான். அதனால்தான் சாதாரண வெளிச்சத்திலும் இயங்கும் கார்பன் நைட்ரைடு போன்ற பொருள்களைத் தேடிப் போறாங்க. ஆய்வகத்தில் பெரும்பாலும் நல்ல தண்ணீரில் கொஞ்சம் மெத்திலீன் புளூ கலந்து சோதிப்பாங்க. பட்டறைக் கழிவு அப்படியா இருக்கும்? கன்னங்கரேல்னு இருக்கும், ஒளி உள்ளே போகாது. அதில் இருக்கும் குளோரைடு வேற அந்த ராடிக்கலை வழியிலேயே மடக்கிடும். வேலை முடிஞ்சதும் நுண்ணிய பொடியைத் தண்ணீரிலிருந்து வடிகட்டி எடுப்பதும் லேசுப்பட்ட காரியமில்லை.

அதைவிட முக்கியமான சிக்கல் கண்ணுக்கே தெரியாது. நிறம் மறைஞ்சா, நிறம் தரும் பிணைப்பு உடைஞ்சிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். அஸோ சாயங்கள் பாதியில் உடைந்தால் வரும் அரோமேட்டிக் அமீன்களில் சில, புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. ஆகவே, 'அரை மணி நேரத்தில் கலர் காலி' என்று ஒரு ரீல்ஸ் வந்தால், தண்ணீரில் கரிமப் பொருள் எவ்வளவு மிச்சம் என்று கமென்ட்டில் கேளுங்க.

இன்னொண்ணு, சாயம் ஏற்றும்போது கொட்டும் உப்பை எந்த ஒளிவினையூக்கியும் தொடாது. நொய்யல் பாசன விவசாயியின் மண்ணைக் கெடுத்ததில் அந்த உப்புக்குத்தான் பெரிய பங்கு. அதை எடுக்க இன்னமும் ஆர்.ஓ.வும், மீந்த உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் ஆவியாக்கிகளும்தான் வேணும்.