சுவர் ஈரமா? சும்மா விடாதீங்க!

"நாலு நாளா மழை... சுவர்ல லேசா ஓதம். வெயிலடிச்சா காஞ்சிடும்!"

உங்கள் வீட்டிலும் இப்படித்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறீர்கள்?

சுவர் காயலாம், படிந்த பூஞ்சை போகாது. ராத்திரியானால் குழந்தை இருமுகிறதா? சிரப் கொடுத்தும் நிற்கவில்லையா? டாக்டரிடம் காட்டுங்கள், கட்டிலை ஒட்டிய சுவரையும் தொட்டுப் பாருங்கள். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா, மூச்சுத் தொல்லை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே எச்சரித்திருக்கிறது.

சுந்தரபாண்டியம் மாதிரி நெசவு ஊர்களில் வீட்டுக்குள்ளேயே தறி. நாள் முழுக்க அதே சுவர்களுக்குள்தான் மூச்சு! எனவே ஐப்பசி மழைக்கு முன்பே, புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீட்டுக்காக ஒதுக்குங்கள்.

மொட்டை மாடி: மழைநீர்க் குழாயின் வாயில் சருகு அடைத்திருந்தால் எடுங்கள். தட்டோட்டின் இடுக்குகளைப் பூசுங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்றா? 'பிடுங்கினா பாவம்' என்று விட்டால், வேர் சுவரையே பிளந்துவிடும்.

சுவர், கூரை: விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசல் கோட்டைத் தாண்டி வளர்ந்தால் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தாலும் அப்படியே. கசிவை அடைக்காமல் மேலே பெயிண்ட் அடித்தால் காசுதான் வீண்.

ஸ்விட்ச்: ஈரச் சுவரில் கை வைத்தால் 'சுர்'ரென்கிறதா? மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

'இதுக்குப் போய் இவ்வளவா?' என்கிறீர்களா? 2019 டிசம்பர் 2-ம் தேதி, மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மழையில் ஒரு சுற்றுச்சுவர் வீடுகள் மேல் சரிந்து 17 பேர் பலியானார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலிப் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்களை இழந்தோம்.

'வாடகை வீடு... நமக்கென்ன?' என்று இருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, சுவர், கூரை, குழாய், வயரிங், வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கடை அடைப்பு குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டுக்காரர் மறுத்தால், நீங்களே ரிப்பேர் செய்து வாடகையில் கழிக்கலாம்; ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கூடாது. முதலில் எழுத்து மூலம் தெரிவியுங்கள்; ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டுக்காரரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: இன்று ஒரு சட்டி சிமென்ட்டில் முடிவதை, நாளைக்குச் சுவரையே இடித்துக் கட்டும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்!