தோட்டாவின் அடியில் ஒரு முகவரி

தபால்தலை சேகரிப்போரை நாம் அறிவோம். பழைய நாணயங்களைச் சேகரிப்போரையும் அறிவோம். துப்பாக்கித் தோட்டாக்களைச் சேகரிப்போரும் உலகில் உண்டு என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவர்களுக்கெனத் தனிச் சங்கங்களே இருக்கின்றன. இவர்களுடைய ஆர்வம் சுடுவதில் அன்று. கையில் கிடைத்த தோட்டா எங்கே, எப்போது, எதற்காகச் செய்யப்பட்டது என்று கண்டறிவதில்தான். ஒரு விரல் நீளமே உள்ள உலோகத் துண்டிலிருந்து இவ்வளவையும் எவ்வாறு அறிய முடிகிறது?

தோட்டாவின் நான்கு உறுப்புகள்

தோட்டாவும் குண்டும் ஒன்றல்ல. தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்த முழுப்பொருள். முனையில் இருப்பது குண்டு. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது பித்தளைக் கூடு. கூட்டினுள் வெடிமருந்து இருக்கிறது. கூட்டின் அடியில், சிறுவர்கள் வெடிக்கும் கேப்பைப் போன்ற ஒரு சிறு கேப்பு பொருத்தப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி கேப்பைத் தாக்கியதும் தீப்பொறி எழுந்து வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. வாயு விரிந்து குண்டை வெளியே தள்ளுகிறது. குண்டு பறந்து போய்விடும், கூடு நின்றுவிடும். சேகரிப்போருக்கும் துப்பறிவோருக்கும் கூடே முக்கியம்.

முதலில் அளவு

கையில் எடுக்க வேண்டிய முதல் கருவி, பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் பார்த்த வெர்னியர் அளவி. கூட்டின் நீளம், வாயின் விட்டம், அடிவிளிம்பின் விட்டம் ஆகிய மூன்றையும் அளக்க வேண்டும். 7.92 × 57 என்று ஒரு தோட்டாவைக் குறிப்பிட்டால், முதல் எண் துப்பாக்கிக் குழலின் விட்டத்தை ஏறத்தாழக் காட்டுகிறது. இரண்டாவது எண் கூட்டின் நீளம். இரண்டும் மில்லிமீட்டரில்.

பெயரை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். ‘0.38 ஸ்பெஷல்’ எனப்படும் கைத்துப்பாக்கித் தோட்டாவில் குண்டின் உண்மையான விட்டம் 0.357 அங்குலமே! எனவேதான் அளவி தேவைப்படுகிறது.

அடுத்து வடிவம். பிரிட்டிஷ் இந்தியாவின் படைகள் பயன்படுத்திய 0.303 தோட்டாவின் அடியில் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஜெர்மானிய மௌசர் தோட்டாவில் விளிம்பு நீட்டாது. அதற்குப் பதிலாக ஒரு பள்ளம் சுற்றிச் செல்லும். குண்டின் முனையும் சேதி சொல்லும். 1890-களில் கல்கத்தா அருகே டம்டம் ஆயுதசாலையில், முனையில் ஈயம் வெளியே தெரியும் குண்டுகளைச் செய்தார்கள். உடலில் பாய்ந்ததும் விரிந்து கொடிய காயம் உண்டாக்கும் இத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என்று 1899-இல் ஹேக் மாநாடு பிரகடனம் செய்தது.

அடியில் உள்ள எழுத்துகள்

கூட்டைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் வட்டமாகச் சில எழுத்துகளும் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். இதுவே தோட்டாவின் பிறப்புச் சான்றிதழ். 0.303 தோட்டாவில் ‘கே.எஃப்.’ என்றிருந்தால் அது புணே அருகிலுள்ள கிர்க்கி தொழிற்சாலையில் பிறந்தது. ரோமன் எண் ஏழு இருந்தால், 1910-இல் வந்த கூர்முனைக் குண்டு வகை. உடன் இருக்கும் ஈரிலக்க எண், செய்த ஆண்டு.

நிறத்திலும் செய்தி உண்டு. பிரிட்டிஷ் தோட்டாவின் கேப்பைச் சுற்றிய வளையம் ஊதாவாக இருந்தால் சாதாரணக் குண்டு. பச்சையானால் கவசம் துளைப்பது. சிவப்பானால் பாதையை ஒளியால் காட்டுவது. நீலமானால் தீ மூட்டுவது. எல்லா நாட்டிலும் இதே நிறமொழி இல்லை. அமெரிக்க ரைஃபிள் தோட்டாவில் கவசம் துளைப்பதற்கு அடையாளம் குண்டின் முனையில் பூசிய கறுப்பு. போலிகள் செய்வோர் பெயிண்டு பூசி விலையை ஏற்றுவதால், நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது.

அபூர்வப் பிறவிகள்

பக்கவாட்டில் ஒரு சிறு ஊசி நீட்டிக்கொண்டிருந்தால், அது 1830-களில் பிரான்சில் லெஃபோஷே உருவாக்கிய முறையைச் சேர்ந்தது. சுத்தி அந்த ஊசியை அடித்தால் அது உள்ளே உள்ள கேப்பைக் குத்தும். 1914-இல் ஆஸ்திரியாவில் வெளிவந்த கொலிப்ரி கைத்துப்பாக்கியின் குண்டு 2.7 மில்லிமீட்டர் விட்டமும், கிராமில் ஐந்தில் ஒரு பங்கு எடையுமே கொண்டது. அமெரிக்காவில் 1950-களில் டார்டிக் என்பவர் முக்கோண வடிவத் தோட்டாவையே செய்தார். 1960-களின் ஜைரோஜெட் இன்னும் விந்தையானது. அது ஒரு குட்டி ராக்கெட். முழுவதும் பறந்து போய்விடுவதால் பின்னால் கூடு எதுவும் மிஞ்சாது!

முத்திரை சொல்லாதது

முத்திரையைப் படித்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று எண்ணலாமா? 1943 ஏப்ரலில் ரஷ்யாவின் காட்டின் காட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட போலந்து அதிகாரிகளின் சடலங்கள் புதைகுழிகளில் கிடைத்ததாக ஜெர்மானியர் அறிவித்தார்கள். சுட்டது சோவியத் போலீஸ் என்பது அவர்கள் கூற்று. ஆனால் குழிகளில் கிடைத்த கூடுகளில் ‘கெக்கோ 7.65’ என்ற முத்திரை இருந்தது. அது ஒரு ஜெர்மானிய நிறுவனத்தின் முத்திரை! ஜெர்மானியரே கலங்கிப்போனார்கள். சோவியத் அரசோ பழியை ஜெர்மனி மீதே போட்டது.

உண்மை என்ன? அந்நிறுவனம் போருக்கு முந்திய ஆண்டுகளில் அத்தோட்டாக்களை வெளிநாடுகளுக்கும் விற்றிருந்தது. 1940-இல் சோவியத் ரகசியப் போலீஸே அக்கொலைகளைச் செய்தது என்று 1990-இல் சோவியத் அரசு ஒப்புக்கொண்டது. முத்திரை பொய் சொல்லவில்லை. செய்தவர் யார் என்று சரியாகவே சொன்னது. சுட்டவர் யார் என்பது அதற்குத் தெரியாது.

சுட்ட துப்பாக்கியின் தடம்

சுட்டது எந்தத் துப்பாக்கி என்பதற்கு வேறு தடம் உண்டு. ஊசி தாக்கிய இடத்தில் உண்டாகும் குழி, துப்பாக்கிக்குத் துப்பாக்கி சிறிது வேறுபடும். அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் என்னும் இடத்தில் 1876 ஜூன் 25 அன்று கஸ்டரின் படைப்பிரிவைச் செவ்விந்திய வீரர்கள் வென்றனர். கஸ்டருடன் நின்ற படைவீரர் எவரும் பிழைக்கவில்லை. 1983-இல் அங்கே புல்வெளி தீப்பிடித்து எரிந்தபின், மறு ஆண்டு ஆய்வாளர்கள் உலோகம் கண்டறியும் கருவிகளுடன் தேடினார்கள். கிடைத்த கூடுகளை உருப்பெருக்கியில் ஒப்பிட்டார்கள். விளிம்பில் இரண்டு தாக்குக் குழிகள் இருந்தவை ஹென்றி வகைத் துப்பாக்கியால் சுடப்பட்டவை. ஒரே துப்பாக்கியின் கூடுகள் வேறுவேறு இடங்களில் கிடைத்தபோது, அதை ஏந்தியவர் நடந்த வழியே தெரிந்தது!

முத்திரை இல்லாமையும் ஒரு சான்றே. அமெரிக்கப் படைக்குத் தோட்டா செய்த ஃபிராங்க்போர்டு ஆயுதசாலை 1877-இல்தான் அடியில் எழுத்துப் பொறிக்கத் தொடங்கியது. எனவே அதன் முத்திரை உள்ள கூடு அக்களத்தில் கிடைத்தால், அது போருக்குப் பின் விழுந்தது என்று ஐயமின்றிக் கூறலாம்.

ஓர் எச்சரிக்கை

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது குற்றம். எவ்வளவு பழையதாயினும் சுடப்படாத தோட்டா உயிருள்ளது என்றே கொள்ள வேண்டும். அதைத் தட்டக் கூடாது, சூடாக்கக் கூடாது, துளையிடக் கூடாது. வயலிலோ பழைய வீட்டிலோ கண்டால் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். இக்கலையைக் கற்க அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டியே போதும். அளவு, வடிவம், எழுத்து, நிறம், ஊசித்தடம் ஆகிய ஐந்தும் ஒத்துச் சொன்னால் மட்டுமே நம்ப வேண்டும் என்பதே தோட்டா கற்பிக்கும் பாடம். எல்லா அறிவியலுக்கும் அது பொருந்தும் அல்லவா?