நாலு வருசம் கழிச்சு?

இந்தியாவில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி, ஒற்றை அறை வீட்டில் இருக்கும் அந்தத் தம்பிக்கும் இது தெரியும். பத்தொன்பது வயது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவர். ராணுவத்தில் அக்னிவீரராகத் தேர்வாகி, பயிற்சிக்குப் புறப்படும் நாளை எதிர்பார்த்திருக்கிறார். சண்டை வந்தால் பயமாக இருக்காதா என்றுதான் முதலில் கேட்டேன்.

“அதெல்லாம் யோசிக்கலண்ணா. நாலு வருசம் கழிச்சு இன்னா பண்றதுன்னுதான் ஒரே யோசனை.”

2022 ஜூன் 14 அன்று மத்திய அரசு அக்னிபாத் திட்டத்தை அறிவித்த நாளிலிருந்து, பதினேழரை வயதில் ராணுவக் கனவு காணும் எந்தப் பிள்ளையும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடிவதில்லை. பயிற்சியும் சேர்த்து நான்கே ஆண்டுகள். முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் படையில் தொடரும் வாய்ப்பு. மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும். பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 சேவா நிதிக்குப் போய்விடும். அரசும் அதே அளவு போடும். நான்காம் ஆண்டு முடிவில் வட்டியோடு ஏறத்தாழ 11.71 லட்சம் கைக்கு வரும். இடையில் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. நினைத்தபோது விட்டுவிட்டு வரவும் முடியாது.

இத்தனையும் தெரிந்துதான் போகிறார். அப்பா கூட்ஸ் ஷெட்டில் லோடு இறக்குகிறவர். முதுகு இனிமேல் தாங்காது. மணலியிலும் எண்ணூரிலும் இருக்கும் கம்பெனிகளில் தம்பி வேலை கேட்டுப் போன இடமெல்லாம் கான்ட்ராக்ட்தான். நாள் கூலி, கேட் பாஸ், அடுத்த மாதம் கூப்பிட்டால் உண்டு. “இங்கயும் பெர்மனென்ட் இல்ல, அங்கயும் பெர்மனென்ட் இல்ல. அங்கனா ஒரு மரியாத இருக்குல்லண்ணா” என்கிறார். அந்த 11 லட்சத்தில் அக்கா கல்யாணக் கடன் எவ்வளவு அடையும் என்று அம்மா இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். படையில் கிடைத்திருக்கும் இந்த இடம் பிள்ளை ஓடி ஓடி வாங்கியது. உடற்தகுதித் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால்தான் முழுசாக 60 மதிப்பெண். மைதானத்துக்கே வழியில்லாத பேட்டையில், கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடிப் பழகியவர். எழுத்துத் தேர்வைத் தமிழில் எழுத முடிந்தது பெரிய ஆறுதல் என்கிறார்.

இதே வயதில் சிங்கப்பூர்த் தமிழ்ப் பையன் ஒருவனும் படைக்குப் போகத் தயாராகிறான். அங்கே 1967 முதல் தேசிய சேவை கட்டாயம். ஆண் குடிமக்கள் மட்டுமல்ல, நிரந்தரவாசிகளின் மகன்களும் போயாக வேண்டும். முழுநேரச் சேவை இரண்டு ஆண்டுகள். பெரும்பாலோருக்கு அடிப்படைப் பயிற்சி தெக்கோங் தீவில். அந்தப் பையனுக்கும் கலக்கம் உண்டு: மொட்டை, வீட்டுச் சாப்பாடு, கூடப் படித்த பெண்கள் இரண்டு ஆண்டு முந்திப் போய்விடுவார்களே என்ற தவிப்பு. ஆனால் அவனுக்காகப் பல்கலைக்கழகம் இடத்தை ஒதுக்கிவைத்துக் காத்திருக்கிறது. பின்னாளில் ரிசர்வ் பயிற்சிக்கு அழைத்தால் முதலாளி விடுப்புத் தந்தாக வேண்டும். அதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்கிறது சட்டம். பிள்ளையைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்ட அரசு, அவன் திரும்பி வந்து நிற்க ஓர் இடத்தையும் சட்டம் போட்டே காத்து வைக்கிறது. நம் தம்பி விருப்பப்பட்டுப் போகிறவர். அதனால் திரும்பி வந்த பிறகு வாழ வழி தேடும் சுமை முழுக்க அவர் தலையில். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

சென்னையிலும் ஒரு காலத்தில் கட்டாயச் சேவை இருந்திருக்கிறது. முதல் உலகப் போரின்போது, 1917இல் வந்த இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம், இங்கிருந்த ஐரோப்பியர்களைத்தான் கட்டாயப்படுத்தியது. இந்தியர்களுக்கு ‘விருப்பம்’. இரண்டாம் உலகப் போரிலும் அப்படியே. 25 லட்சம் பேர் விருப்பத்தின் பேரில் சேர்ந்ததாக வரலாறு பெருமையோடு சொல்கிறது. அதில் எத்தனை பேரின் விருப்பம் பசியிலிருந்து பிறந்தது என்பதற்குக் கணக்கு இல்லை.

நாட்டுக்காகப் போவதில் தம்பிக்கு உண்மையான பெருமிதம் இருக்கிறது. தெருவில் பிள்ளைகள் சல்யூட் அடிக்கும்போது அவர் முகம் மலர்வதைப் பார்த்தேன். வறுமையை மட்டும் சொல்லி அந்தப் பெருமிதத்தைச் சிறுமைப்படுத்தக் கூடாது. குழப்பமும் அதனோடு சேர்ந்தேதான் இருக்கிறது. இந்தி வராதே, எந்த ரெஜிமென்ட்டில் போடுவார்களோ, நீலகிரி வெலிங்டன் என்றால் பக்கத்தில் இருக்குமே என்று ராத்திரியெல்லாம் புரள்கிறாராம். “ஒண்ணு கேக்கட்டாண்ணா? நாலு வருசம் ஸ்பானரே தொடலன்னா ஃபிட்டர் வேல மறந்துடாது?”

மத்திய ஆயுதக் காவல் படைகளில் அக்னிவீரர்களுக்கு 10 சதவீத இடஒதுக்கீடு என்று 2022இலேயே அறிவித்தார்கள். அதுவும் இன்னொரு சீருடை, இன்னொரு ஓட்டம், இன்னொரு தேர்வு. 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போன தரைப்படையின் முதல் அணியின் நான்கு ஆண்டுகள் 2027 தொடக்கத்தில் முடிகின்றன. அந்தப் பிள்ளைகள் வந்து இறங்குவதற்குள் துறைமுகமும், மணலி சுத்திகரிப்பு ஆலையும், வடசென்னை அனல்மின் நிலையமும், தமிழகக் காவல் துறையும் தீயணைப்புத் துறையும் தங்களிடம் எத்தனை நிரந்தர இடம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். தம்பி ரயில் ஏறும்முன் அந்தக் காகிதம் அவர் அம்மா கையில் இருக்க வேண்டும்.